நாலு போர்ட், இதில் எது ஈத்0?

ஒன்றரை வருடமாக விர்ச்சுவல் மெஷினாக (ஒரு கணினிக்குள் மென்பொருளாகவே ஓடும் இன்னொரு கணினியாக) ஓடிக்கொண்டிருந்த என் ரவுட்டரைப் போன வாரக் கடைசியில் ஒரு தனிப் பெட்டிக்கு மாற்றினேன். இன்ஸ்டால் என்று பார்த்தால் பத்து நிமிட வேலைதான், ஆனால் சனிக்கிழமை காலை உட்கார்ந்தவன் ஞாயிறு இரவுதான் எழுந்தேன். அந்த மிச்ச நேரமெல்லாம் எங்கே போனது என்பதை எழுதி வைக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பெரும்பாலும் அந்தப் பத்து நிமிடத்தை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடுகின்றன, அதற்கு முன்னும் பின்னும் என்ன நடக்கும் என்று யாராவது முதலிலேயே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஏன் மாற்றினேன் என்றால், வீட்டில் ஒரே ஒரு சர்வர், அதற்குள் ரவுட்டர் உட்பட ஏழெட்டு விர்ச்சுவல் மெஷின்கள். சர்வரை அப்டேட் செய்து ரீபூட் போட்டால் வீடு முழுக்க நெட் போய்விடும். அதையாவது சகித்துக்கொள்ளலாம். ஒருமுறை ரீபூட் ஆன சர்வர் திரும்ப எழவே இல்லை. அதற்கு என்ன கோளாறு என்று தேட நெட் வேண்டும், நெட் வர அந்த சர்வர் எழ வேண்டும். கைப்பேசி டேட்டாவை வைத்துக்கொண்டு இரவெல்லாம் போராடி எழுப்பிய அன்றே முடிவெடுத்துவிட்டேன்: வீட்டில் வேறு எது விழுந்தாலும் ரவுட்டர் தன் காலில் நிற்க வேண்டும்.

மென்பொருள் விஷயத்தில் எனக்கு யோசனையே இல்லை, சாதாரணக் கணினியை ரவுட்டராக்கும் வையோஎஸ்தான். வயாட்டா என்று ஒரு திறமூல ரவுட்டர் இருந்தது, 'திறந்தது' என்று பொருள்படும் சமஸ்கிருதச் சொல்லிலிருந்து வைத்த பெயர். 2012இல் அந்த நிறுவனத்தை ப்ரோகேட் வாங்கியது. அப்புறம் இலவசப் பதிப்பு கவனிப்பாரற்றுப் போக, 2013இல் அதன் பயனர்களே வயாட்டா கோர் 6.6ஐ எடுத்துத் தனிக்கிளையாகப் பிரித்து வளர்த்ததுதான் வையோஎஸ். அடியில் இருப்பது டெபியன் லினக்ஸ், ரவுட்டிங் வேலையைச் செய்வது எஃப்.ஆர்.ஆர். என்ற மென்பொருள். எனக்குப் பிடித்தது என்னவென்றால், ரவுட்டரின் மொத்தப் புத்தியும் ஒரே ஒரு உரைக்கோப்பில் இருக்கும். அதை கிட்டில் (கோப்பின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) போட்டு வைக்கலாம், போன மாதத்துக்கும் இந்த மாதத்துக்கும் என்ன மாறியிருக்கிறது என்று வரிவரியாக ஒப்பிடலாம். உலாவியில் தட்டித் தட்டி அமைக்கும் வசதிதான் வேண்டும் என்பவர்களுக்கு ஓபிஎன்சென்ஸ் நல்ல தேர்வு, அது ஃப்ரீபிஎஸ்டி மேல் ஓடுவது. வையோஎஸ்ஸில் நீண்டகால ஆதரவுப் பதிப்பின் தயார் இமேஜ்கள் (இன்ஸ்டால் செய்வதற்கான கோப்புகள்) சந்தாதாரர்களுக்குத்தான். நான் போட்டது யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய, அடிக்கடி புதுப்பிக்கப்படும் ரோலிங் இமேஜ்.

பெட்டி, விசிறி இல்லாத சின்ன கணினி. நாலு ஈதர்நெட் போர்ட், ஒரு கன்சோல் போர்ட், ஒரு எச்.டி.எம்.ஐ. உள்ளே எட்டு ஜி.பி. ராம், ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. கைக்கு வந்த உடனே பென் டிரைவைச் செருகாதீர்கள் என்பது என் முதல் வேண்டுகோள். முதலில் ஒரு இரவு முழுக்க மெம்டெஸ்ட் (ராமைச் சோதிக்கும் கருவி) ஓட விடுங்கள். ரவுட்டரில் ராம் கெட்டிருந்தால் அது 'ராம் கெட்டுவிட்டது' என்று சொல்லிக்கொண்டு வராது, மூன்று வாரத்துக்கு ஒருமுறை காரணமே தெரியாமல் நெட் நிற்கும். அதை நீங்கள் இணையச் சேவைக்காரர் தலையில் போட்டுக்கொண்டிருப்பீர்கள்.

அடுத்தது பயாஸ், பெட்டி எழும்போது முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள். கையொப்பமிட்ட மென்பொருளை மட்டும் எழ விடும் செக்யூர் பூட்டை அணைத்தேன். அதைவிட முக்கியமான ஒன்று, மின்சாரம் போய்த் திரும்ப வந்தால் பெட்டி என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு. பல பெட்டிகளில் அது 'அணைந்தே இரு' என்றுதான் இருக்கும். மேசைக் கணினிக்கு அது சரி. ரவுட்டருக்கு அப்படி விட்டால், நீங்கள் வெளியூரில் இருக்கும்போது ஒரு நிமிடம் மின்சாரம் போய் வந்தாலே போதும், திரும்பிப் போய் யாராவது பொத்தானை அழுத்தும்வரை வீட்டில் நெட் கிடையாது. விர்ச்சுவல் மெஷினில் இந்தக் கேள்வியே எழாது, அதனால் எனக்கும் தோன்றவில்லை. பயாஸ் பக்கங்களை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டு போனபோதுதான் கண்ணில் பட்டது.

இமேஜை இறக்கி, கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்டக் கூடவே வரும் மினிசைன் கையொப்பத்தைச் சரிபார்த்து, டிடி கட்டளையால் பென் டிரைவில் எழுதினேன். எந்த டிஸ்க்கில் எழுதுகிறோம் என்பதை மட்டும் இரண்டு முறை பாருங்கள், டிடி கேள்வி கேட்காது.

பூட் ஆனதும் உடனே இன்ஸ்டால் கட்டளையை அடிக்கத்தான் கை போகும். கொஞ்சம் பொறுங்கள். அப்போது ஓடுவது பென் டிரைவிலிருந்து ராமில் ஏறிய நேரடிப் பதிப்பு, வன்பொருளை ஆராய அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. நுழைய வையோஸ் (vyos) என்ற பெயர், அதே கடவுச்சொல், உள்ளே போய்விடலாம். கர்னல் பதிவில் ஃபர்ம்வேர் கிடைக்கவில்லை என்று எந்த வரியாவது இருக்கிறதா, நாலு போர்ட்டும் தெரிகின்றனவா, எஸ்.எஸ்.டி. தெரிகிறதா என்று பார்த்தேன். எல்லாம் இருந்தது. அப்புறம் தலைப்பில் இருக்கிற கேள்விக்கு வந்தேன், லினக்ஸ் ஈத்0, ஈத்1 என்று பெயர் வைக்கும் போர்ட்டுகளில் எது எந்த ஓட்டை என்று.

பெட்டியின் முதுகில் போர்ட்டுகளுக்கு மேல் 1, 2, 3, 4 என்று அச்சிட்டிருந்தார்கள். 1 என்றால் ஈத்0, 2 என்றால் ஈத்1 என்றுதான் யாரும் நினைப்பார்கள். லினக்ஸ் கர்னலுக்கு அந்த அச்சு தெரியாது, பி.சி.ஐ. (உள்ளே சிப்கள் இணையும் பாதை) வரிசையில் எந்த சிப் முதலில் வருகிறதோ அதற்கு முதல் பெயர். போர்டை வடிவமைத்தவர் எந்த சிப்பை எந்த ஓட்டைக்குக் கம்பி இழுத்தார் என்பது அவர் வசதி. ஈத்டூல் கட்டளையில் ஒரு விருப்பம் உண்டு, சின்ன பி எழுத்தைச் சேர்த்து போர்ட்டின் பெயரைக் கொடுத்தால் அந்த போர்ட்டின் விளக்கு மினுக்கும். ஈத்0 என்று கொடுத்தேன், 4 என்று எழுதியிருந்த ஓட்டை மினுக்கியது. ஈத்3 என்று கொடுத்தால் 1. சரியாகத் தலைகீழ். எல்லா டிரைவரும் இந்த மினுக்கலைச் செய்வதில்லை. உங்கள் பெட்டியில் வரவில்லை என்றால் ஒரே கேபிளை ஒவ்வொரு ஓட்டையாக மாற்றிச் செருகி, எந்தப் பெயருக்கு லிங்க் வருகிறது என்று பாருங்கள். இரண்டில் எதைச் செய்தாலும், பெயரையும் அதன் மேக் முகவரியையும் (போர்ட்டின் சிப்புக்கே உரிய அடையாள எண்) ஒரு தாளில் எழுதி, சின்ன ஸ்டிக்கரில் பெட்டி மீதும் ஒட்டிவிடுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், உள் பக்கமும் வெளிப் பக்கமும் இடம் மாறினால் நெட் வராமல் போவது மட்டும் நடக்காது, உங்கள் டி.எச்.சி.பி. சர்வர் இணையச் சேவைக்காரரின் பக்கம் பார்த்து முகவரி விநியோகிக்கத் தொடங்கும், பாதுகாக்காமல் விட்ட எஸ்.எஸ்.எச். (நெட்வொர்க் வழியாக உள்நுழையும் வாசல்) ஊருக்கே திறந்திருக்கும்.

சரி, இப்போது இன்ஸ்டால். 'இன்ஸ்டால் இமேஜ்' என்று அடித்தால் கேள்விகள் வரிசையாக வரும்: இமேஜுக்கு என்ன பெயர், கடவுச்சொல் என்ன, எந்த டிஸ்க், இரண்டு டிஸ்க் இருந்தால் ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே நகல்) வேண்டுமா. நடுவில் ஒன்று வரும், முன்னிருப்பு கன்சோல் எது, விசைப்பலகையும் திரையுமா, சீரியலா (கன்சோல் போர்ட்டில் கேபிள் செருகி இன்னொரு கணினியிலிருந்து பார்ப்பது) என்று. எல்லாவற்றுக்கும் என்டரைத் தட்டிக்கொண்டு போகிறவர்கள் இங்கே மட்டும் நிற்க வேண்டும். எந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்கிறீர்களோ பூட் செய்திகள் அந்தப் பக்கம்தான் போகும். சீரியல் என்று சொல்லிவிட்டு எச்.டி.எம்.ஐ. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் பெட்டி பாதியிலேயே உறைந்துவிட்டது போலத் தெரியும், உண்மையில் அது நன்றாக எழுந்து நின்றுகொண்டிருக்கும். நான் சீரியலைத் தேர்ந்தெடுத்தேன், ஏனென்றால் இந்தப் பெட்டி இருக்கப்போகிற அலமாரியில் திரைக்கு இடமில்லை, ஒரு கேபிளுக்கு இடம் உண்டு.

இன்ஸ்டால் முடிந்ததும் பென் டிரைவைப் பிடுங்கிவிட்டு ரீபூட் செய்யுங்கள். பிடுங்க மறந்தால் திரும்பவும் நேரடிப் பதிப்புதான் எழும், பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும், நீங்கள் ஒரு மணி நேரம் உட்கார்ந்து அமைத்த எல்லாமே ராமில் இருந்து மின்சாரத்தோடு போய்விடும். அமைக்க ஆரம்பிக்கும் முன் 'ஷோ சிஸ்டம் இமேஜ்' என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தால் எதிலிருந்து ஓடுகிறோம் என்று தெரிந்துவிடும்.

இதுவரை எல்லாம் சேர்த்து சனிக்கிழமை மதியம். அப்புறம்தான் நான் அந்தத் தவறைச் செய்தேன். விர்ச்சுவல் மெஷினில் அழகாக ஓடிக்கொண்டிருந்த கான்ஃபிக் கோப்பு (மேலே சொன்ன அந்த உரைக்கோப்பு) கையில் இருக்கிறதே, எதற்கு மறுபடி அடிக்க வேண்டும் என்று அப்படியே தூக்கிப் புதுப் பெட்டியில் வைத்து ரீபூட் செய்தேன். எஸ்.எஸ்.எச். வரவில்லை. பிங் வரவில்லை. லிங்க் விளக்கு மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

காரணம் இது. வையோஎஸ் ஒவ்வொரு ஈதர்நெட் போர்ட்டின் கீழும் அதன் மேக் முகவரியை எழுதி வைத்துக்கொள்ளும். அந்த வரியை வைத்துத்தான் 'இந்த சிப்புக்கு ஈத்0 என்று பெயர்' என்பதை அடுத்தடுத்த பூட்டிலும் மாறாமல் பார்த்துக்கொள்கிறது, அது அருமையான ஏற்பாடு. ஆனால் என் கோப்பில் இருந்தவை பழைய மெய்நிகர் கார்டுகளின் முகவரிகள். புதுப் பெட்டி எழுந்ததும், ஈத்0, ஈத்1 எல்லாம் வேறு யாருக்கோ ஒதுக்கப்பட்டவை என்று எடுத்துக்கொண்டு, உண்மையான நாலு போர்ட்டுகளுக்கும் அதற்கு அடுத்த எண்களைக் கொடுத்துவிட்டது. என் ஐபி முகவரிகள், நாட் விதி (வீட்டுக் கணினிகள் ஒரே வெளி முகவரியைப் பகிர வைப்பது), ஃபயர்வால் எல்லாம் இல்லாத போர்ட்டுகளின் மேல் உட்கார்ந்திருந்தன.

சீரியல் கேபிளை எடுத்தேன். முதலில் திரையில் குப்பை எழுத்துகளாக வந்தன, பார்த்தால் என் டெர்மினல் 9600இல் இருந்தது. 115200, எட்டு பிட், பாரிட்டி இல்லை, ஒரு ஸ்டாப் பிட் என்று வைத்ததும் உள்நுழைவு வரி தெளிவாக வந்து நின்றது. அந்த நிமிடம் அந்தக் கேபிள் மேல் எனக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. நெட்வொர்க் முழுவதும் தவறாக இருக்கும்போது நெட்வொர்க் இல்லாமலே உள்ளே போக ஒரு வாசல் வேண்டும். விர்ச்சுவல் மெஷினில் உலாவியின் ஒரு மூலையில் கன்சோல் சன்னல் எப்போதும் இருக்கும், அதனால் அது ஒரு வாசல் என்றே நமக்கு உறைப்பதில்லை. உள்ளே போய், தாளில் எழுதி வைத்திருந்த மேக் முகவரிகளைக் கோப்பில் ஒவ்வொரு போர்ட்டின் கீழும் கையால் எழுதினேன். அப்படி எழுதும்போதே இன்னொன்றும் செய்தேன், பெட்டியில் 1 என்று அச்சிட்ட ஓட்டையின் முகவரியை ஈத்0க்குக் கொடுத்தேன், 2ஐ ஈத்1க்கு, இப்படியே. மறுபடி ரீபூட் செய்ததும் பெயரும் அச்சும் வரிசையாக வந்தன. என்னைச் சிக்கவைத்த அதே வரிதான் அந்தத் தலைகீழ் வரிசையையும் சரிசெய்து கொடுத்தது.

சனிக்கிழமை இரவு மோடத்தை பிரிட்ஜ் நிலைக்கு (வெறும் பாலமாக இருக்கும்படி) மாற்றி, பி.பி.பி.ஓ.இ. இணைப்பை (பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணையச் சேவைக்காரரோடு இணையும் முறை) பெட்டியே போடும்படி செய்தேன். இணைப்பு வந்தது, பிங் போனது, தேடல் பக்கம் திறந்தது. ஆனால் சில தளங்கள் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தன. முன்பு இந்த வேலையை மோடம் செய்துகொண்டிருந்ததால் எனக்கு இந்தக் கணக்கு தேவைப்படவில்லை: ஈதர்நெட் ஃப்ரேம் 1500 பைட் சுமக்கும், பி.பி.பி.ஓ.இ. அதில் 8 பைட்டை எடுத்துக்கொள்ளும், மிச்சம் 1492. அதில் ஐபி தலைப்பு 20, டி.சி.பி. தலைப்பு 20 போனால் 1452. ஒரு பாக்கெட்டில் தகவலுக்கு மிஞ்சும் இந்த அளவுதான் எம்.எஸ்.எஸ். உள்ளே இருக்கும் கணினிகளுக்கு நடுவில் வழி குறுகலாகிறது என்பது தெரியாது, 1460 என்று நினைத்துப் பேச்சைத் தொடங்கும். எதிர்முனை முழு அளவில் பாக்கெட் அனுப்பும், வழியில் அது நுழையாது, 'பெரிதாக இருக்கிறது, சின்னதாக அனுப்பு' என்ற ஐ.சி.எம்.பி. செய்தியை யாரோ தடுத்திருந்தால் அந்தத் தளம் உங்களுக்கு நிரந்தரமாகச் சுற்றும். சின்னப் பாக்கெட்டுகள் போவதால் பிங் மட்டும் நன்றாக இருக்கும், நம்மை ஏமாற்றுவதும் அதுதான். பி.பி.பி.ஓ.இ. இடைமுகத்தின் கீழ் எம்.எஸ்.எஸ். அளவைப் பாதையின் எம்.டி.யூ.வுக்கு (ஒரு பாக்கெட்டின் உச்ச அளவு) தக்கபடி குறைக்கச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன். எல்லாத் தளமும் திறந்தது.

ஃபயர்வாலைப் பற்றி ஒரே ஒரு விஷயம். வீட்டு ரவுட்டர்கள் மாதிரி வையோஎஸ் முதலிலேயே பூட்டிக்கொண்டு வராது. நீங்கள் விதி எழுதாதவரை எல்லாம் திறந்தே இருக்கும். அதனால் வெளிக் கேபிளைச் செருகுவதற்கு முன் விதிகளை எழுதி முடித்துவிடுங்கள், ஏற்கெனவே உள்ள இணைப்புகளின் பதில்களை மட்டும் வெளியிலிருந்து அனுமதித்து மற்றதெல்லாம் விழும்படி. பெயர்த் தேடலுக்கான சேவையும் உள் முகவரியில் மட்டும் கேட்கட்டும்.

விதி எழுதும்போது 'கமிட்' என்பதற்குப் பதில் 'கமிட் கன்ஃபர்ம்' பழகிக்கொள்ளுங்கள். மாற்றம் உடனே அமலுக்கு வரும், ஆனால் நீங்கள் 10 நிமிடத்துக்குள் உறுதி செய்யாவிட்டால் ரவுட்டர் தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். நம்மை நாமே வெளியே தள்ளிப் பூட்டிக்கொண்டால் பத்து நிமிடம் காத்திருந்தால் போதும். இது வெளியூரிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கு எவ்வளவு பெரிய நிம்மதி என்பது ஒருமுறை மாட்டியவர்களுக்குத் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமையை முழுக்கச் சோதனைக்கு வைத்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போதே மின்கம்பியைப் பிடுங்கினேன். முதல் முறை எழுந்தது, ஆனால் முந்தைய இரவு சேர்த்த எம்.எஸ்.எஸ். வரி காணவில்லை. கமிட் செய்திருந்தேன், சேவ் செய்யவில்லை. கமிட் என்பது ஓடுகிற ரவுட்டரை மாற்றும், சேவ் செய்தால்தான் டிஸ்க்கில் உள்ள கோப்பு மாறும், இரண்டும் வேறு வேறு. சேர்த்து, சேவ் செய்து, இரண்டாம் முறை பிடுங்கினேன், சரியாக வந்தது. மூன்றாம் முறை கம்பியைப் பிடுங்கிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய், வந்து செருகினேன். பெட்டி எழுந்தது, இணைப்பு வந்தது, ஒரு தளமும் திறக்கவில்லை.

இதைக் கண்டுபிடிக்க இரண்டு மணி நேரம் ஆனது. ஐபி முகவரிக்கு பிங் போகிறது, பெயரைக் கொடுத்தால் பதில் இல்லை. தற்செயலாக 'டேட்' என்று அடித்துப் பார்த்தால் பெட்டி பல வருடம் பின்னால் இருந்தது. போர்டில் இருந்த காசு வடிவ பேட்டரி செத்துப்போயிருந்தது. மின்சாரம் இல்லாமல் கொஞ்ச நேரம் இருந்ததும் கடிகாரம் மறந்துவிட்டது. நான் டிஎன்எஸ்செக் சரிபார்ப்பை (தளப்பெயருக்கு வரும் பதில் உண்மையா என்று கையொப்பத்தால் பார்ப்பது) இயக்கியிருந்தேன், அந்தக் கையொப்பங்களுக்குத் தொடக்க நேரமும் முடிவு நேரமும் உண்டு, தேதி தவறாக இருந்ததால் எல்லாக் கையொப்பமும் செல்லாது என்று ஒவ்வொரு பெயரையும் நிராகரித்துக்கொண்டிருந்தது. தேதியைத் திருத்த வேண்டிய என்.டி.பி. சர்வர்களையோ பெயரால் கொடுத்திருந்தேன். நேரம் சரியாக வேண்டுமென்றால் பெயர் தெரிய வேண்டும், பெயர் தெரிய வேண்டுமென்றால் நேரம் சரியாக இருக்க வேண்டும். சர்வருக்குள் இருந்த ரவுட்டரை விட்டு எந்தச் சுழலிலிருந்து தப்பி வந்தேனோ, அதையே சின்ன அளவில் இங்கேயும் கட்டி வைத்திருந்தேன். பேட்டரியை மாற்றினேன், என்.டி.பி. பட்டியலில் ஒரு சர்வரை ஐபி முகவரியாகவே சேர்த்தேன். அப்புறம் பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு வேண்டுமென்றே அதே சோதனையை மறுபடி செய்தேன். ஓரிரு நிமிடத்தில் தேதி சரியாகி, பெயர்கள் கிடைக்கத் தொடங்கின. அப்போதுதான் மனசு ஆறியது.

இந்த ஒரு சோதனைக்காகவே உங்கள் ரவுட்டரை ஒரு மணி நேரம் மின்சாரம் இல்லாமல் வைத்துப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பிடுங்கி உடனே செருகினால் இது பிடிபடாது.

இன்றைக்கு எட்டாவது நாள். வெப்பம் கவலைப்படும்படி இல்லை, அலமாரிக் கதவை மட்டும் கொஞ்சம் திறந்தே வைக்கிறேன். நடுவில் ஒருநாள் புது ரோலிங் இமேஜ் ஒன்றைச் சேர்த்தேன், அது பழையதை அழிக்காமல் பக்கத்தில் உட்காரும், பிடிக்கவில்லை என்றால் பூட் ஆகும்போது வரும் க்ரப் பட்டியலில் பழையதைத் தேர்ந்தெடுத்து எழுப்பிக்கொள்ளலாம். சர்வரை இரண்டு தடவை ரீபூட் செய்தேன், வீட்டில் ஒருவரும் கவனிக்கவில்லை. ஐ.பி.வி.6 (ஐபியின் புதிய பதிப்பு) இன்னும் பாக்கி இருக்கிறது, அதற்கு எம்.எஸ்.எஸ். கணக்கு 1432 என்று வரும், தலைப்பே 40 பைட் என்பதால். அது அடுத்த விடுமுறைக்கு. சீரியல் கேபிளை மட்டும் கழற்றவில்லை, பெட்டியில் செருகியபடியே, மறுமுனை அலமாரிக்கு வெளியே கைக்கு எட்டும் உயரத்தில் தொங்குகிறது.